அரப்புத் தண்ணீரில் கழுவிய குப்பிகள்

எங்கள் கல்லூரித் துறைக்கு ஆண்டு மலர் போடப் போகிறார்களாம். ஆய்வகத்தில் இப்போது நான் இருந்த இடத்தில் இருக்கும் முருகேசன், அஸ்தம்பட்டியில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். "அந்தக் காலத்துல எப்படி வேலை பார்த்தீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கய்யா" என்றார். காப்பி குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இப்பெல்லாம் குப்பி கழுவுற சோலியே இல்லீங்கய்யா. எல்லாம் பிளாஸ்டிக்கு. ஒருக்காத் தொட்டா வீசிர்றதுதான்."

அவர் பெருமைக்குத்தான் சொன்னார். முப்பத்தோரு வருடம் கழுவினவன் நான். அதில் ஆறு வாரம் தப்பாகக் கழுவினேன். அந்த ஆறு வாரத்தைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு கைவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, தற்காலிக ஆளாக உள்ளே வந்தேன். முதல் இரண்டு வருடம் தண்ணீர் பிடித்தேன், தரை துடைத்தேன், மாணவர்கள் உடைத்த கண்ணாடியைப் பொறுக்கினேன். பிறகு கிருமி வளர்க்கிற அகர் கூழைக் காய்ச்சித் தட்டில் ஊற்றக் கற்றேன். பிரஷர் குக்கருக்குப் பெரியப்பன் மாதிரி ஒரு ஆட்டோகிளேவ் இருந்தது. அதன் குணமும் பழகிவிட்டது. கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பெரிய சார் வந்த பிறகு.

பெரிய சார் என்பது எங்கள் பேராசிரியர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேனாவுக்கு மூடி போடுவார், அவ்வளவுதான். அந்த 'டக்' சத்தம் கேட்டால் ஆராய்ச்சி மாணவர்கள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எதையும் மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். மூன்றும் ஒன்றுபோல வந்தால் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. கண்ணாடிச் சாமான்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் குரோமிக் ஆசிட், பிறகு ஏழு தடவை தண்ணீர் அலசல். எட்டாக இருந்தால் பரவாயில்லை, ஆறாக இருக்கக் கூடாது.

அவருடைய ஆராய்ச்சி ஈஸ்ட்டில், மாவைப் பொங்கவைக்கிற நுண்ணுயிர். வெளிநாட்டிலிருந்து அந்த ஈஸ்ட் தபாலில் வரும். வடிதாளில் நனைத்துக் காயவைத்து, சாதாரண உறையில் போட்டு அனுப்பியிருப்பார்கள். தபால்காரர் வெறும் கடுதாசி மாதிரி இரண்டு விரலில் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அதைத் தட்டில் ஒற்றினால் இரண்டு நாளில் உயிர் பிடித்துவிடும்.

ஈஸ்ட்டில் ஆண், பெண் கிடையாது. ஏ ரகம், ஆல்ஃபா ரகம் என்று இரண்டு உண்டு. ஒரு ரகம் மற்றதைக் கூப்பிடச் சின்னப் புரதம் ஒன்றை வெளியே விடும். அதைத்தான் சேர்க்கை ஹார்மோன் என்பார்கள். அது வந்து தொட்டதும் எதிர் ரகம் வளர்வதை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குத் தயாராகிவிடும். இதை நாங்கள் கண்ணாலேயே பார்ப்போம். ஆல்ஃபா ரகத்தைத் தட்டு முழுக்கப் பூசி, நடுவில் ஏ ரகத்தின் ஹார்மோன் ஒரு சொட்டு விட வேண்டும். மறுநாள் தட்டெல்லாம் தயிர் உறைந்தது போல வெள்ளையாக இருக்கும். சொட்டு விழுந்த இடம் மட்டும் வளராமல் தெளிவான வட்டமாக நிற்கும்.

இந்த ஏ ரகத்தின் ஹார்மோன் தண்ணீரில் தங்காது. கண்ணாடிச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். அதனால் வளர்ந்த நீரைக் கொட்டிவிட்டு, குடுவையின் சுவரை மெத்தனால் விட்டு அலசி, அதை வாய் குறுகின சின்னக் குப்பியில் சேர்த்து, வற்ற வைத்து, அதிலிருந்துதான் சொட்டு எடுப்போம். "ஏன் சார் கண்ணாடியில ஒட்டுது?" என்று ஒருநாள் கேட்டேன். என்னையும் ஒரு மனிதனாக நினைத்து உட்காரவைத்துப் பதில் சொன்னார். "பழனிசாமி, அதுக்குக் கொழுப்பு வால் ஒண்ணு இருக்கணும்னு நினைக்கிறேன். புரதத்தோட நுனியிலே எண்ணெய் மாதிரி ஒட்டவெச்சிருக்கு. ஜப்பான்லே வேற பூஞ்சையிலே பார்த்துட்டாங்க. நம்ம ஈஸ்ட்லேயும் உண்டா, அந்த வால் இல்லேன்னா ஹார்மோன் வேலை செய்யுமா, அதுதான் கேள்வி."

எண்ணெய் மாதிரி என்றார். அந்த வார்த்தை என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வந்தவள் கோமதி. ராசிபுரத்துப் பக்கம் காடு வைத்துப் பயிர் செய்கிற காட்டுக்காரர் வீட்டுப் பெண். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவள் அப்பா முதல்நாள் கூடவே வந்திருந்தார். சார் அறைக்கு வெளியே நின்று என்னிடம், "ரெண்டு வருசம் உட்டிருக்கறனுங்க. அதுக்குள்ள முடிச்சுட்டான்னாச் சரி. இல்லீன்னா மாப்பள ஊட்டுக்காரங்க நிக்க மாட்டாங்க" என்றார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம் ஒன்று அப்போதே பேசிவிட்டுப் போயிருந்தது. பட்டம் வந்தால் அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்பது அவள் கணக்கு.

அவள் வேலை இதுதான். ஏ ரக ஈஸ்ட்டின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டி அதைக் கெடுக்க வேண்டும். கெட்டதில் எது சேர்க்கைக்கு லாயக்கில்லாமல் போயிற்று என்று ஆயிரக்கணக்கில் தேட வேண்டும். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு அப்படியே பதிவெடுக்க வெல்வெட் துணி வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடை கடையாக ஏறி இறங்கி, "ரவிக்கைக்கா?" என்று கேட்டவனிடம், "ஈஸ்ட்டுக்குங்க" என்று சொல்லி வாங்கிவந்தவள் அவள். ஒன்றரை வருடம் தேடினாள். நாற்பத்தொன்றாம் நம்பர் ஈஸ்ட் கிடைத்தது.

அதன் சுவர் அலசலைச் சொட்டு விட்டபோது வட்டம் வரவில்லை. சார் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, அளக்க ஒன்றும் இல்லாமல் ஸ்கேலைக் கீழே வைத்தார். வால் ஒட்டத் தெரியாத ஈஸ்ட்டாக இது இருக்கலாம். வால் இல்லாததால் ஹார்மோன் செத்துக் கிடக்கிறது. அவர் நினைத்ததற்கு முதல் சாட்சி. "ஒண்ணு" என்றார். இன்னும் இரண்டு தடவை வந்தால் கையெழுத்து. கோமதி வெளியே வந்து என் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தாள். "இன்னும் ரெண்டுங்கண்ணா. ரெண்டே ரெண்டு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆசிட் தீர்ந்தது. ஆபீசில் எழுதிக் கேட்டேன். வரும் வரும் என்றார்கள். மழை பொய்த்த வருடம் அது. கல்லூரிக்குத் தண்ணீர் லாரியில் வந்தது, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குப்பிகளோ மலையாகச் சேர்ந்துவிட்டன. சோப்புத்தூள் போடக் கூடாது, அது ஈஸ்ட்டைக் கெடுக்கும் என்று சார் முன்பே தடுத்திருந்தார்.

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் நான். உச்சி முதல் உள்ளங்கால் வரை வழியும் எண்ணெயை எது எடுக்கிறது? அரப்பு. உசிலை இலையைக் காயவைத்து இடித்த பொடி. எங்கள் வீட்டில் அதோடு பூந்திக்கொட்டையும் சேர்த்து இடிப்பார்கள், நுரை கட்டும். குப்பியில் ஒட்டியிருப்பது எண்ணெய் வால். எண்ணெய்க்கு அரப்பு. மருந்து இல்லை, ரசாயனம் இல்லை, சோப்பும் இல்லை. தலைக்குப் போடுகிற பச்சிலை என்ன கெடுதல் செய்துவிடும்? ஒரு சம்படம் நிறைய எடுத்துக்கொண்டு போனேன். குப்பியெல்லாம் பளபளவென்று வந்தன. தண்ணீர் இல்லாததால் இரண்டு அலசலோடு நிறுத்தினேன். ஏழு என்று யாரும் பக்கத்தில் நின்று எண்ணவில்லை.

கழுத்தில் நீல வளையம் போட்ட குப்பிகள் மட்டும் தனி. வெறும் மெத்தனால் ஊற்றிச் சோதிப்பதற்கென்றே வைத்திருந்தவை. அவற்றில் பிசுக்கே படாது என்பதால் எப்போதும் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். அரப்பு அவற்றைத் தொடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதி இரண்டாவது தடவை செய்தாள். நாற்பத்தொன்றாம் நம்பர் வட்டம் போட்டது. நன்றாகத் தெளிந்த வட்டம். சார் ஸ்கேல் வைத்து அளந்தார். எண்ணைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள், எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. மூன்றாவது தடவையும் வட்டம். முதல் தடவைதான் எங்கோ பிசகு என்று சார் நினைத்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடி வட்டம். நீல வளையக் குப்பியின் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அந்த ஆறு வாரமும் எல்லாக் குப்பியும்தான் வட்டம் போட்டது. மற்றவர்களுடையதெல்லாம் வட்டம் போட வேண்டிய ஈஸ்ட். அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் அகர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அந்த அறையில்தான் இருந்தேன். கோமதி கேட்டாள். "சார், ஏ ரகம் பூசின தட்டு மேலயும் ஒருக்கா இந்தச் சொட்டை வெச்சுப் பார்க்கட்டுங்களா? ஹார்மோன்னா அங்க வட்டம் வரக் கூடாது. வந்துச்சுன்னா வேற என்னமோ இருக்குதுன்னு அர்த்தமுங்க."

சரியான கேள்வி. அதைச் செய்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

"வெறும் குப்பியிலே வட்டம் வரலியேம்மா. அப்புறம் என்ன சோதனை?" என்றார் சார். "ரகம் கலந்திருக்கு. நல்ல ஏ ரகம் உன் குழாய்க்குள்ளே எப்பவோ விழுந்திருக்கு. வட்டம் பொய் சொல்லாது. கைதான் சொல்லும்." பேனாவுக்கு மூடி போட்டார்.

கை என்று அவர் சொன்னபோது கோமதி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை வருடம் அந்த முகம் ஞாபகம் இருந்திருக்காது.

கலந்துபோன ரகத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கக் கூடாது, மற்றதைக் கெடுக்கும். நாற்பத்தொன்றில் நான்கு குழாய் இருந்தன. ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டச் சொல்லி சார் என்னிடம் கொடுத்தார். நடைபாதையில் கோமதி வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்து வெச்சிருங்கண்ணா. ஒரு குழாய். என்னைக்காச்சும் நானே மறுக்காப் பார்த்துக்கறேன்."

"பார்க்கலாம் அம்மிணி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் முகம் தெளிந்துபோயிற்று. என் வேலை அப்போதும் நிரந்தரமாகவில்லை, தாள் சாரின் மேஜையில் கிடந்தது. வெந்த குழாய்களை அவர் எண்ணினாலும் எண்ணுவார். நான்கையும் உள்ளே வைத்தேன். மூடியை இறுக்கினேன். விசில் அடங்கும் வரை அங்கேயே நின்றேன்.

புதிதாக ஒரு தலைப்பு எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம், இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று சார் சொன்னார். அவள் அப்பா அவ்வளவு நாள் விடுவாரா? மாசி கடைசியில் சாமானை எடுத்துக்கொண்டு போனாள். "போயிட்டு வாரனுங்கண்ணா" என்று சொன்னாள். வரவில்லை. வைகாசியில் கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. ரிக் வண்டிக் குடும்பம் விலகிப்போய்விட்டதாம். மாப்பிள்ளை நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விவசாயம்.

அதற்குள் ஆசிட்டும் வந்துவிட்டிருந்தது. அரப்புச் சம்படத்தை வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு குண்டானை அரப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்காரிக்கு ஒத்தாசை செய்வதாக நினைப்பு. அவள் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதா? அது மாவுக் குண்டானுங்க. அரப்புப் பட்டா மாவு பொங்குமாக்கும்? நாளைக்கி இட்டிலி கல்லாட்டம் இருக்கும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மாவு பொங்குவது எதனால் என்று அந்தத் தெருவிலேயே எனக்குத்தானே நன்றாகத் தெரியும்?

மறுநாள் ஒரு குப்பியை எடுத்து, அரப்பில் கழுவி, இரண்டு அலசு அலசிக் காயவைத்தேன். ஈஸ்ட்டே இல்லாமல் வெறும் மெத்தனால் ஊற்றி வற்றவைத்தேன். ஆல்ஃபா பூசின தட்டில் ஒரு சொட்டு, ஏ பூசின தட்டில் ஒரு சொட்டு. கோமதி செய்ய விடுங்கள் என்று கேட்ட அதே சோதனை. அடுத்த நாள் இரண்டு தட்டிலும் வட்டம். கல்யாணத்துக்கு யாரும் தயாராகவில்லை. அந்த இடத்தில் எல்லாம் செத்துக் கிடந்தது.

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் சார் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகட்டும் என்றுதான் போனேன், அதில் சந்தேகம் வேண்டாம். அவர் திட்டவில்லை. தட்டை வெளிச்சத்தில் தூக்கி, ஸ்கேலை வைத்து, பழக்கத்தில் வாய்விட்டு எண்ணைச் சொன்னார். எழுதிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. அப்புறம் கேட்டார்.

"நாலு குழாயும் போச்சா?"

"போச்சுங்க சார். நான்தான் வேகவெச்சேன்."

இரண்டு தட்டையும் மூடி ஒதுக்கிவைத்தார். "அந்தப் பொண்ணு கேட்டா. நான்தான் வேணாம்னேன்" என்றார். பிறகு, "கல்யாணம் ஆகிப் போயிட்டா. ரகமும் இல்லே. இப்போ போய்ச் சொன்னா அவளுக்கு நிம்மதி கெடுமே தவிர வேறென்ன? விட்டுடு பழனிசாமி."

எனக்கு அப்போது வந்தது துக்கமில்லை, நிம்மதி. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்த ஆடியில் என் வேலை நிரந்தரமாயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தத் தாளை வாங்கும்போது என் கை கூசியது.

ஒன்றிரண்டு வருடம் கழித்து வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று நூலகத்துக்கு வந்தது. சார் படித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். அதே மாதிரி ஒரு ரகத்தை அங்கே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வால் ஒட்டும் வேலை ஹார்மோனில் மட்டும் இல்லை, புற்றுநோய் வரைக்கும் சம்பந்தப்பட்ட புரதங்களிலும் நடக்கிறது என்று போட்டிருந்ததாம். "நாற்பத்தொண்ணு" என்று மட்டும் சொன்னார். பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், போடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

களத்தில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். கோமதி இளைத்திருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "ஏனுங்கண்ணா, வழி தெரிஞ்சுதுங்களா? உள்ள வாங்க" என்று சிரித்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன். டம்ளரை அலசினாள். மறுபடி அலசினாள். மாமியார் என்னைப் பார்த்து, "தண்ணியெல்லாம் கழுவியே தீர்த்துப்போடுவா இவ. எந்தச் சாமானா இருந்தாலும் ஏழு தடவை" என்று அலுத்துக்கொண்டார். கோமதி திரும்பாமலே சொன்னாள். "என்ற கை ராசி உங்களுக்குத் தெரியாதுங்களா அண்ணா? எதுலயாச்சும் எதையாச்சும் கலந்துபோடும். புள்ளைக்குப் பால் கலக்கறதுக்கே பயமா இருக்குதுங்க."

அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். காப்பி ஆறிப்போகும் வரை நின்றுகொண்டே சொன்னேன். அரப்பைச் சொன்னேன். இரண்டு அலசலைச் சொன்னேன். வெளிநாட்டுப் பத்திரிகையைச் சொன்னேன். "நீ நெனச்சதுதான் அம்மிணி சரி. உன்ற கை ஒரு தப்பும் பண்ணலை. பண்ணுனது நான்."

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். அவள் கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. ஆரஞ்சு மிட்டாய் கொடுத்த அன்று பார்த்த அதே வெளிச்சம்.

"அப்ப அந்தக் குழாய், அண்ணா? நீங்க எடுத்து வெச்சது? இப்பவும் உசுரோட இருக்குமுங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிய அது போதுமாக இருந்தது. களத்தில் யாரோ மஞ்சளைக் கிளறிவிடும் சத்தம் மட்டும் கேட்டது. "குடிங்கண்ணா, ஆறிருச்சு" என்றாள். குடித்தேன். டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். தப்பு அவள் கையில் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஏழு தடவை அலசினாள்.